முள்ளந்தண்டுக் காசநோய் மருத்துவ வரலாறு: தாம்பரம் சானடோரியம் முதல் சென்னை ஆய்வு வரை

ஆய்வுச்சுருக்கம்

காசநோய் நுரையீரலை மட்டும் தாக்குவதன்று, எலும்பையும் தாக்கும். எலும்புகளுள் முள்ளந்தண்டே அதற்கு மிகுதியாக இலக்காகிறது. முள்ளந்தண்டுக் காசநோயால் முதுகு கூனுவதும் கால்கள் செயலிழப்பதும் உண்டு. இந்நோயாளியை மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், படுக்கையில் கிடத்துவதே இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிவரை மருத்துவமாகக் கருதப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில், நடமாடிக்கொண்டே மருந்துண்டு குணமடைய முடியும் என்பது ஒப்பீட்டு ஆய்வுகளால் நிறுவப்பட்டது. அவற்றுள் குறிப்பிடத்தக்க ஒன்று சென்னையில் நிகழ்ந்தது. இம்மாற்றத்தை, எலும்புத்தூண் என்றும் நரம்புவழி என்றும் இருவகையாக முள்ளந்தண்டு நோக்கப்பட்ட வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மருந்து படுக்கையின் தேவையை நீக்கியது; ஆயினும் தூணின் சிதைவு என்னும் சிக்கலை அது நீக்கவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: முள்ளந்தண்டு, தண்டுவடம், காசநோய், கூன், தாம்பரம் சானடோரியம், நடமாடும் சிகிச்சை, சென்னை ஆய்வு.

முன்னுரை

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே செல்லும் மின்தொடர்வண்டித் தடத்தில், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ‘தாம்பரம் சானடோரியம்’ என்றொரு நிலையம் உள்ளது. பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம் முதலிய ஊர்களோடு அப்பகுதியும் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்குகிறது. நாள்தோறும் அந்நிலையத்தில் ஏறி இறங்குவோருள் பலருக்கு அது வெறும் இடப்பெயர். உண்மையில் அது ஒரு மருத்துவக் கோட்பாட்டின் பெயர். காசநோயாளிக்கு ஊருக்குப் புறம்பான இடம், தூய காற்று, வெயில், நல்லுணவு, நெடுநாள் ஓய்வு ஆகியவையே மருந்து என்று கருதிய காலத்தின் எச்சமாக அப்பெயர் நிலைத்திருக்கிறது.

சானடோரியங்களின் வரலாறு பெரும்பாலும் நுரையீரல் காசநோயின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஓய்வுக் கோட்பாடு மிகக் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டதோ முள்ளந்தண்டுக் காசநோயாளியிடம்தான். நுரையீரல் நோயாளி முற்றத்தில் உலவலாம். முதுகில் நோய் கண்டவர் புரண்டு படுப்பதும் தடுக்கப்பட்டது. அத்தடை எத்தகைய உடற்கூற்றுப் புரிதலிலிருந்து எழுந்தது, எவ்வாறு தளர்ந்தது, எதனை விட்டுச்சென்றது என்பவை இங்கு முறையே நோக்கப்படுகின்றன.

1. கூனும் எலும்புருக்கியும்: சொற்கள் தரும் செய்தி

முதுகு வளைந்த நிலையைக் குறிக்கும் ‘கூன்’ என்னும் சொல் சங்க இலக்கியத்திலேயே ஆட்சி பெற்றுள்ளது. மக்கட்பிறப்பில் நேரும் குறைகளைத் தொகுத்துக் கூறும் புறநானூற்று 28ஆம் பாடலில் அது இடம்பெறுகிறது. கலித்தொகையின் 94ஆம் பாடல் கூனியும் குறளனும் உரையாடுவதாக அமைந்தது. பாண்டியன் நெடுமாறனின் கூனைத் திருஞானசம்பந்தர் நிமிர்த்தினார் என்னும் சைவ மரபுச் செய்தியும் நன்கறியப்பட்டதே. இவ்விடங்களிலெல்லாம் கூன் என்பது பிறவிக்குறையாகவோ வினைப்பயனாகவோ தோற்றத்தின் இயல்பாகவோ பேசப்படுகிறதேயன்றி, தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உடைய ஒரு நோயின் விளைவாகப் பேசப்படவில்லை. இக்குறிப்புகளைக் காசநோய்க்குச் சான்றாகக் கொள்வதும் பொருந்தாது. கூனுக்குக் காரணங்கள் பல.

மறுபுறம், காசநோய்க்கு மக்கள் வழக்கில் ‘எலும்புருக்கி நோய்’ என்ற பெயர் உண்டு. உடல் மெலிந்து எலும்பும் தோலுமாவதைக் கண்டு இட்ட பெயர் அது. இருமலும் குருதி கக்குதலும் மெலிவுமாக வரும் நோயையே அது சுட்டியது. முள்ளந்தண்டில் அந்நோய் எலும்பை மெய்யாகவே அரித்தழிக்கிறது. கூன் ஒரு சொல்லாகவும் எலும்புருக்கி வேறொரு சொல்லாகவும் நின்ற நிலையில், இரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாகலாம் என்னும் அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டிற்குப் பின்னரே உறுதிப்பட்டது.

யோக, சித்தர் மரபுகளில் வரும் வீணாதண்டு, சுழுமுனை ஆகிய கருத்துகளைத் தண்டுவடத்தோடு நேரடியாகப் பொருத்திக் காட்டும் வழக்கம் இன்று பரவியுள்ளது. அவை மூச்சு, தியானப் பயிற்சி ஆகியவற்றைச் சார்ந்த உடற்கோட்பாட்டின் சொற்கள். அறுத்து ஆராய்ந்து கண்ட நரம்புப் பாதைகளின் பெயர்களாக அவற்றைக் கொள்வது இரு மரபுகளின் தனித்தன்மையையும் மறைத்துவிடும். ஆதலின், ‘தண்டுவடம்’ என்பது இக்கட்டுரையில் தற்கால உடற்கூற்றியல் பொருளிலேயே ஆளப்படுகிறது.

2. தூணும் வழியும்: உடற்கூற்று அடிப்படை

முள்ளந்தண்டு ஒரே வேளையில் இருபணி செய்யும் உறுப்பு. அது உடலைத் தாங்கும் தூண். மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி செல்லும் வழிக்கு அரணும் அதுவே. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என முள்ளெலும்புகள் அமைய, அவற்றின்கீழ் ஒன்றிணைந்த 5 திருவெலும்புத் துண்டுகளும் பொதுவாக 4 வாலெலும்புத் துண்டுகளும் உள்ளன. ஒவ்வொரு முள்ளெலும்பின் முன்பகுதியும் பருத்த உருளை வடிவினது; இது முள்ளெலும்பின் உடல் எனப்படும். எடையைப் பெரும்பாலும் தாங்குவது இதுவே. பின்பகுதி வளைவாக அமைந்து, உடலோடு சேர்ந்து ஒரு துளையை உண்டாக்குகிறது. துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் குழாயாகின்றன. அக்குழாயினுள் தண்டுவடம் இறங்குகிறது.

வளர்ந்தோரிடம் தண்டுவடம் முள்ளந்தண்டின் அடிவரை நீள்வதில்லை. இடுப்பின் முதலிரு முள்ளெலும்புகளின் அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால்போல் தொங்கும் நரம்புக் கொத்தே உள்ளது. தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்புகள் 31 இணைகள்.

தண்டுவடத்தின் வெண்பகுதியில் செய்தி செல்லும் பாதைகள் தனித்தனிக் கற்றைகளாக உள்ளன. அவற்றுள் மூன்று இங்கு இன்றியமையாதன. முதலாவது, பெருமூளைப் புறணியிலிருந்து இறங்கும் இயக்கப் பாதை. இதன் பெரும்பகுதி முகுளத்தில் எதிர்ப்பக்கம் மாறி, தண்டுவடத்தின் பக்கவாட்டில் கீழிறங்குகிறது. இரண்டாவது, நுண்தொடுகை, அதிர்வு, மூட்டின் நிலை ஆகியவற்றை ஏந்தி முதுகுப்புறமாக மேலேறும் பாதை. இது வந்த பக்கத்திலேயே ஏறி, முகுளத்தை அடைந்தபின்னரே பக்கம் மாறும். மூன்றாவது, வலியையும் வெப்பநிலையையும் உணர்த்தும் பாதை. இது தண்டுவடத்தில் நுழைந்த அளவிலேயே, ஓரிரு கூறுகளுக்குள், எதிர்ப்பக்கம் மாறிவிடும்.

காசநோய் இவ்வமைப்பில் எங்கே தொடங்குகிறது? கிருமி குருதி வழியாக வந்து, பெரும்பாலும் முள்ளெலும்பின் உடலில், இடைவட்டை ஒட்டிய விளிம்பில் தங்குகிறது. அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளின் எதிரெதிர் விளிம்புகளுக்கு ஒரே தமனியின் கிளைகள் குருதி தருவதால், இரண்டும் சேர்ந்தே அரிக்கப்படுவது வழக்கம். முன்பகுதி கரைய, பின்பகுதி நிலைத்திருக்க, தூண் முன்னோக்கிச் சாய்கிறது. அச்சாய்வே கூன். கரைந்த எலும்பும் சீழும் முன்னிருந்து பின்னோக்கித் தள்ளப்படும்போது தண்டுவடம் நெருக்குண்கிறது. மார்புப் பகுதியில் குழாய் குறுகலானது. எனவே அங்கு நேரும் நோயே கால் செயலிழப்புக்கு மிகுதியாக இட்டுச்செல்கிறது. தண்டுவடம் முடிந்துவிட்ட இடுப்பின் கீழ்ப்பகுதியில் நரம்புக் கொத்துக்கு இடம் தாராளமாக இருப்பதால் அவ்விடர் குறைவு.

நெருக்கம் முன்னிருந்து வருவதால் இயக்கப் பாதையே பெரும்பாலும் முதலில் தளர்கிறது. எனவே நோயாளி உணர்ச்சியை இழப்பதற்கு முன்பே நடையில் தடுமாறத் தொடங்குகிறார். கால் துவண்டு போவதில்லை. விறைத்து, அனிச்சை அசைவுகள் மிகுந்து காணப்படும். பின்னரே உணர்ச்சி மங்கும். இறுதியில் சிறுநீர், மலக் கட்டுப்பாடு போகும். இவ்வரிசையைக் கொண்டே எஸ். எம். துளி முதலிய இந்திய எலும்பியல் அறிஞர்கள் இச்செயலிழப்பை நான்கு நிலைகளாக வகுத்தனர். முதல் நிலையில் நோயாளி தம் குறையை அறியார். மருத்துவரே உள்ளங்கால் அனிச்சையில் மாற்றத்தைக் காண்பார். இவ்வகைப்பாடு தண்டுவடப் பாதைகளின் அமைப்பை மருத்துவமனைக் கட்டிலருகே படித்தறியும் முறையாகும்.

3. கிடக்கை மருத்துவம்: பாட் முதல் தாம்பரம் வரை

முதுகு வளைவும் கால் செயலிழப்பும் இணைந்து வருவதை விரிவாக எழுதியவர் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட். அவரது நூல் 1779இல் வெளிவந்தது. இந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கால்கள் தளர்ந்து தொங்காமல் விறைத்திருப்பதை அவர் குறித்துள்ளார். எனினும், நோய்க்காரணம் அவர் காலத்தில் அறியப்படவில்லை. இராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்னரே முதுகின் நோயும் மார்பின் நோயும் ஒன்றே என்பது ஐயமற நிறுவப்பட்டது.

காரணம் தெரிந்தும் அதனை அழிக்கும் மருந்து இல்லாத அறுபதாண்டுக் காலம் ஓய்வின் காலமாயிற்று. முள்ளந்தண்டு ஒரு தூண். தூணின் ஒரு பகுதி இற்றுப்போயின் அதன்மீது பாரத்தை ஏற்றலாகாது என்பதே அதன் தருக்கம். இங்கிலாந்தில் ஹியூ ஓவன் தாமஸ் நெடிய, இடையறாத ஓய்வை வலியுறுத்தினார். மாவுக்கட்டுப் படுக்கைகளும் சட்டகங்களும் பயன்பட்டன. சுவிட்சர்லாந்தின் லேசான் மலையூரில் ஆகஸ்டு ரோலியே 1903இல் வெயில் மருத்துவமனையைத் தொடங்கி, எலும்புக் காசநோயாளிகளைக் கதிரொளியில் கிடத்தினார். நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி ஆகிய இருவரும் 1911இல் முள்ளெலும்புகளைப் பின்புறமாக ஒட்டவைக்கும் அறுவை முறைகளைத் தனித்தனியே வெளியிட்டனர். அசைவைத் தடுப்பதே அங்கும் நோக்கம்.

தமிழகத்தின் சானடோரிய வரலாறு இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது. இங்கிலாந்தின் மென்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்திய டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து, 1928 ஏப்ரலில் தாம்பரத்தில் பச்சைமலையை ஒட்டி 12 படுக்கைகளுடன் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். மாநகரின் நெருக்கத்திற்கு வெளியே, ஆயினும் தொடர்வண்டி எட்டும் தொலைவில், அவ்விடம் அமைந்தது. கடற்கரை–தாம்பரம் தடம் 1931இல் மின்மயமாயிற்று. 1937இல் சென்னை மாகாண அரசு அந்நிறுவனத்தை ஏற்றது. பின்னாளில் அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்தது.

சானடோரியத்தின் அடிப்படை எண்ணம் நோயாளியை அவரது வீட்டினின்றும் வேலையினின்றும் பிரித்தெடுப்பதாகும். ஐரோப்பிய நடுத்தர வகுப்பினருக்கே அது பெருஞ்செலவு. கூலியை நம்பிய குடும்பத்துக்கு, உழைப்பவர் ஓராண்டு கிடப்பது நோயைவிடப் பெரிய கேடு. மேலும், நாட்டிலிருந்த காசநோயாளிகளின் தொகையோடு ஒப்பிட்டால் படுக்கைகளின் எண்ணிக்கை மிகச் சொற்பம். ஓய்வே மருந்தாயின், அம்மருந்து பெரும்பாலோர்க்குக் கிட்டாத மருந்தாகவே இருந்தது.

4. மருந்தின் வருகையும் படுக்கை பற்றிய ஐயமும்

1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும், 1952இல் ஐசோனியசிடும் காசநோய் மருத்துவத்துக்கு வந்தன. மருந்து கிருமியைக் கொல்லுமாயின் படுக்கை எதற்கு என்னும் வினா எழுந்தது. அவ்வினாவுக்கு நுரையீரல் நோயில் விடை கண்ட இடம் சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஒருசார் நோயாளிகளை வீட்டிலும் மறுசாராரைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்துகளைத் தந்து ஒப்பிட்டது. 1959இல் வெளியான அதன் முடிவு, இட நெருக்கடியும் குறைந்த உணவும் உடைய வீடுகளில் இருந்தோரும் சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தனர் என்பதைக் காட்டியது. உலகெங்கும் சானடோரியக் கொள்கை தளர இவ்வாய்வு முதன்மையான காரணமாயிற்று.

முள்ளந்தண்டைப் பொறுத்தவரை இம்முடிவை அப்படியே ஏற்க மருத்துவர் தயங்கினர். நுரையீரல் பாரந்தாங்கும் உறுப்பன்று, முள்ளந்தண்டு பாரந்தாங்குவது. நடக்கும் நோயாளியின் முதுகு சரிந்து தண்டுவடம் நசுங்குமோ என்னும் அச்சம் அடிப்படையற்றதன்று. இதே காலத்தில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் ஆகியோர் 1956 முதல் மாறுபட்ட வழியை முன்வைத்தனர். மார்பு வழியாகச் சென்று, அழிந்த எலும்பை முன்புறத்திலிருந்தே முற்றாக அகற்றி, அவ்விடத்தில் எலும்பு ஒட்டு வைப்பது அவர்தம் முறை. நோய் முன்னே இருக்க, பின்னே ஒட்டுவதால் பயனென்ன என்னும் உடற்கூற்றுத் தருக்கம் அதன் வலிமை. தேர்ந்த அறுவைக்குழுவும் மயக்கவியல் வசதியும் வேண்டுவது அதன் எல்லை.

நைஜீரியாவில் பணியாற்றிய கான்ஸ்டம் அறுவையும் படுக்கையுமின்றி நோயாளிகளை நடமாடவிட்டு மருந்தளித்தார். இந்தியாவில் துளி, மருந்தைத் தொடக்கமாகக் கொண்டு, தேறாதவர்க்கு மட்டும் அறுவை செய்யும் ‘நடுவழி’ முறையை 1975இல் வெளியிட்டார். இம்முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டறியும் பணியைப் பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் குழு மேற்கொண்டது. 1973 முதல் வெளியான அதன் அறிக்கைகளுள், கொரியாவின் மாசான் நகர ஆய்வு ஆறுமாதப் படுக்கை ஓய்வால் கூடுதல் பயனில்லை என்றது. பூசான் நகர ஆய்வு மாவுக்கட்டுச் சட்டையாலும் கூடுதல் பயனில்லை என்றது.

5. சென்னை ஆய்வு

எஞ்சிய வினாக்கள் இரண்டு. ரிஃபாம்பிசின் சேர்ந்த குறுகிய கால மருந்துமுறை முள்ளந்தண்டுக்குப் போதுமா? போதுமெனில், ஹாங்காங் அறுவை அதனினும் மேலான பயன் தருமா? இந்திய மருத்துவ ஆய்வுக் கழகமும் பிரித்தானியக் குழுவும் இணைந்து சென்னையில் நடத்திய ஆய்வு இவ்விரண்டையும் ஒருங்கே எடுத்துக்கொண்டது.

மார்பு, இடுப்பு முள்ளந்தண்டில் நோய் கண்டவர்கள் மூன்று பிரிவாயினர். முதற்பிரிவினர்க்கு முன்புற முழு அறுவையும் ஆறுமாத மருந்தும். இரண்டாம் பிரிவினர்க்கு அறுவையின்றி, நடமாடியபடி ஆறுமாத மருந்து. மூன்றாம் பிரிவினர்க்கு அவ்வாறே ஒன்பது மாத மருந்து. மருந்து மூன்று பிரிவினர்க்கும் நாள்தோறும் ஐசோனியசிடும் ரிஃபாம்பிசினும். ஐந்தாண்டு முடிவு 1989இல் வந்தது. பார்த்தசாரதியும் அவர்தம் குழுவினரும் எழுதிய பத்தாண்டு முடிவு 1999இல் வெளியாயிற்று. பத்தாம் ஆண்டில் நன்னிலையில் இருந்தோர் முதற்பிரிவில் 90 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 94 விழுக்காடு, மூன்றாம் பிரிவில் 99 விழுக்காடு.

இவ்வெண்களின் பொருளை இரு வகையில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். முதலாவதாக, நடக்கவே இயலாத அளவுக்குக் கால் செயலிழந்தோர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. எனவே கடுஞ்செயலிழப்பில் அறுவை வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு செய்தல் ஆகாது. இரண்டாவதாக, ‘நன்னிலை’ என்பது நோய் தணிதல், நரம்புக்குறை நீங்குதல், இயல்பான செயற்பாடு ஆகியவற்றைக் கொண்டு அளக்கப்பட்டது. முதுகு நேரானது என்பது அதன் பொருளன்று.

இவ்வரையறைகளுக்கு உட்பட்டும் இம்முடிவின் சமூகப் பயன் பெரிது. மருந்தைத் தவறாமல் உண்ணும் ஒருவர், தம் வீட்டிலிருந்தபடியே, நடமாடியவாறே குணம்பெற முடியும் என்பது நெடுங்காலம் கண்காணிக்கப்பட்ட சான்றோடு நிறுவப்பட்டது. எலும்புக்கும் மூட்டுக்கும் 12 மாத மருந்தை 2016இல் வெளியான இந்திய வழிகாட்டு நெறி பரிந்துரைப்பது, சென்னை ஆய்வு காட்டிய கால அளவைவிட நீண்டது. கால அளவு பற்றிய உரையாடல் தொடர்கிறது. கிடக்கையைப் பற்றிய உரையாடல் முடிந்துவிட்டது.

6. எஞ்சிய சிக்கல்: குணமான நோயும் வளரும் கூனும்

மருந்து கிருமியைக் கொல்லும். கரைந்த எலும்பை மீளக் கட்டாது. தூணைப் பற்றிய பழைய அச்சம் இங்கே வேறுருவில் திரும்பியது. அதனை அளவிட்டு ஆராய்ந்தவர்களும் தமிழகத்து அறிஞர்களே. சென்னையின் டி. கே. சண்முகசுந்தரமும் அவரோடு பணியாற்றிய எஸ். ராஜசேகரனும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்தில் எத்தனை முள்ளெலும்பு உடல்களின் அளவு அழிந்துள்ளது என்பதைக் கொண்டே இறுதிக் கூன் கோணத்தை முன்கூட்டிக் கணிக்கலாம் எனக் காட்டியது. அழிவின் அளவை 30.5 ஆல் பெருக்கி 5.5 ஐக் கூட்டுவது அவர்கள் தந்த சூத்திரம். ஒரு முள்ளெலும்பு உடல் அழிந்திருப்பின் கோணம் ஏறத்தாழ 36 பாகை; இரண்டு அழிந்திருப்பின் ஏறத்தாழ 66 பாகை. நோயாளி படுத்திருந்தாரா நடந்தாரா என்பதற்கு இச்சூத்திரத்தில் இடமேயில்லை என்பது கருதத்தக்கது.

குழந்தைகளிடம் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. வளரும் முள்ளந்தண்டில் முன்பகுதி அழிந்து பின்பகுதி வளர்ந்துகொண்டே போனால், நோய் தீர்ந்த பின்னும் கூன் மிகும். கோவைக் கங்கா மருத்துவமனையில் பணியாற்றிய ராஜசேகரன் 2001இல் வெளியிட்ட ஆய்வு, 61 குழந்தைகளின் பதினைந்தாண்டுத் தொடர்ச்சியைக் கொண்டது. அவர்களுள் 39 விழுக்காட்டினரிடம் வளர்ச்சிக் காலத்தில் கூன் மிகுந்தது. 44 விழுக்காட்டினரிடம் குறைந்தது. 17 விழுக்காட்டினரிடம் மாறவில்லை. எவரிடம் மிகும் என்பதை முன்னறியக் கதிர்ப்படத்தில் காணத்தக்க நான்கு அறிகுறிகளை அவர் வகுத்தார். பின்புற இணைப்பு மூட்டுகள் விலகுதல், முள்ளெலும்பு பின்னோக்கித் தள்ளப்படுதல், பக்கவாட்டில் நகர்தல், மேலுள்ள எலும்பு கவிழ்தல் என்பன அவை. ஆக, அறுவை எல்லார்க்கும் வேண்டுவதன்று. வேண்டியவரை உரிய காலத்தில் இனங்காண்பதே வேண்டுவது.

இங்குத் தூணின் வரலாறும் வழியின் வரலாறும் மீண்டும் சந்திக்கின்றன. கூன் மிகும்போது தண்டுவடம் அக்கோணத்தின்மேல் நெடுங்காலம் இழுபட்டு நிற்கிறது. கிருமி அழிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும் கால்கள் விறைக்கத் தொடங்குவது இதனால் நேர்வதுண்டு. நோய் நடப்பில் இருக்கும்போது வரும் செயலிழப்பையும் ஆறியபின் வரும் செயலிழப்பையும் மருத்துவ நூல்கள் வேறுபடுத்திக் கூறுவதன் காரணமும் இதுவே. முன்னது பெரும்பாலும் மீளத்தக்கது. பின்னது மீள்வது அரிது.

முடிவுரை

முள்ளந்தண்டைத் தூணாக மட்டும் கண்ட காலம் நோயாளியைக் கிடத்தியது. அழிந்த முன்பகுதியை நேரடியாக அணுகிய காலம் அறுவையை முன்னிறுத்தியது. கிருமியை முதன்மையாகக் கண்ட காலம் நோயாளியை எழுந்து நடக்கவிட்டது. இவற்றுள் பின்னது முன்னதை முற்றாக விழுங்கிவிட்டதாக எழுதுவது மருத்துவ வரலாற்றெழுத்தில் காணப்படும் எளிமைப்படுத்தலாகும். சென்னை ஆய்வு படுக்கையின் தேவையை மறுத்தது. அதே நகரிலிருந்து தொடங்கிய கூன் பற்றிய ஆய்வுகளோ, தூணின் இயக்கவியலைப் புறக்கணித்தால் குணமான குழந்தையும் பின்னாளில் நடை இழக்கக்கூடும் என்பதை உணர்த்தின.

இவ்வரலாற்றில் தமிழகம் ஐரோப்பிய முறையை வாங்கிப் பயன்படுத்திய இடம் மட்டுமன்று. 1928இல் தாம்பரத்தில் நிறுவப்பட்ட கோட்பாட்டை 1959இலும் 1999இலும் சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் எண்களால் உரைத்துப் பார்த்தனர். படுக்கை கிட்டாத பெரும்பான்மையோர் தாழ்ந்த மருத்துவத்தையே பெறுகின்றனர் என்னும் எண்ணத்தை அவர்தம் விடை மாற்றியது. இன்று அந்நோயாளிக்கு வேண்டுவன, தொடக்கத்திலேயே முதுகுவலியின் காரணத்தை அறிதல், மருந்தை இடைவிடாது பெறுதல், குழந்தையாயின் வளர்ச்சி முடியும்வரை கண்காணிக்கப்படுதல் என்னும் மூன்றுமாகும். ‘சானடோரியம்’ என்னும் நிலையப் பெயர் நினைவூட்டும் காலத்தில் இம்மூன்றுள் ஒன்றும் எளிதாகக் கைக்கெட்டவில்லை. இன்று மூன்றும் எட்டும் தொலைவில் உள்ளன.